தலைவர் வீடு வழியாக

கணினி அலறியது. பின்னால் நகரும் லோரி எழுப்புமே, அதே சத்தம். கூரியர் கம்பெனிக்காரர்கள் வேண்டுமென்றே அதைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். இணையம் அறுந்தால், வீட்டிலிருந்து வேலை செய்யும் ஊழியர் தூங்கிக்கொண்டிருந்தாலும் துள்ளி எழ வேண்டுமாம்.

தனலெட்சுமி தூங்கவில்லை. ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு, காஜாங்கிலிருந்து பேசிய ஒரு மாதிடம், "உங்க பார்சல் ஷா ஆலாம் மையத்த விட்டுக் கெளம்பிடுச்சு மேடம், இப்போ அது..." என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அது இப்போது எங்கே என்று அந்த மாது தெரிந்துகொள்ளவே இல்லை.

"யாரு லா லோரிய ரிவர்ஸ் எடுக்கிறது?" என்று கட்டிலில் கிடந்த கணவன் ராஜன் கேட்டான்.

பக்கவாதம் வருவதற்கு முன் ராஜன் துறைமுகத்தில் கொள்கலன் லோரி ஓட்டியவன். நாக்கு திரும்பி வந்துவிட்டது. இடது கை வேலை செய்தது. மற்றதெல்லாம் இன்னும் வந்துகொண்டே இருந்தது. அவசரத்துக்குக் கூப்பிட, தலைமாட்டில் ஓர் எவர்சில்வர் டம்ளரும் கரண்டியும் வைத்திருந்தான். மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை அவனைப் புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். அதனால்தான் தனலெட்சுமிக்கு வீட்டிலிருந்தே பார்க்கிற வேலை. அந்த வேலைதான் அந்த வீடு.

போனை எடுத்துக்கொண்டு படிக்கட்டின் அடிக்கு ஓடினாள். தரைத்தள வீடுகளுக்குள் போன் சிக்னல் எட்டிப் பார்ப்பதில்லை. அவள் அழைப்பதற்குள், பிரிக்பீல்ட்ஸ் அலுவலகத்திலிருந்து மேற்பார்வையாளர் மதுமிதாவே கூப்பிட்டாள்.

"தனம் அக்கா, இந்த வாரத்துல இது ரெண்டாவது தடவ. சிஸ்டம் தானா எண்ணிக்கிட்டே இருக்கு, நான் ஒன்னும் பண்ண முடியாது. மூணாவது தடவ விழுந்துச்சுன்னா வீட்டிலிருந்து வேலை கேன்சல். தினமும் பிரிக்பீல்ட்ஸ் வரச் சொல்லிடுவாங்க."

"வீட்டுக்காரர விட்டுட்டு நான் எப்படிமா தினமும் கிள்ளான்லருந்து வர்றது?"

"அதனாலதான் அக்கா சொல்றேன். இன்னைக்கும் நாளைக்கும் உங்களுக்கு லீவு போட்டுட்டேன். வெள்ளிக்கிழமை காலைல பத்து மணிக்கு நீங்க லைன்ல இருக்கணும். போன் ஹாட்ஸ்பாட் நம்ம சிஸ்டம் ஏத்துக்காது, தெரியும்ல?"

தெரியும். அன்று புதன்கிழமை என்பதும் தெரியும்.

கிள்ளானை அடுத்த பண்டமாரானில், துறைமுகத்துக்குப் போகும் சாலையோரம் நிற்கும் தாமான் செம்பாக்கா அடுக்குமாடிக்கு மூன்று புளோக்குகள், ஒரு மண்டபம், ஒரு சங்கம். குடியிருப்பாளர் நல்லெண்ணச் சங்கம் என்று பெயர். மாலை போடுவது, பொன்னாடை போர்த்துவது, யாருக்கு எந்த வரிசையில் போட்டார்கள் என்று அடுத்த ஆண்டுவரை பேசுவது ஆகிய மூன்று துறைகளில் சங்கம் தீவிரமாக இயங்கி வந்தது. இரண்டு வருடங்களுக்கு முன் எல்லா வீடுகளுக்கும் சேர்த்து ஒரே இணைய இணைப்பு எடுத்தது. இனி யாரும் தனியாக லைன் எடுக்கக் கூடாது, அது ஒற்றுமையைக் குலைக்கும் என்று தீர்மானமும் போட்டது.

வெளியிலிருந்து வந்த தடித்த கேபிள் ஏ புளோக் தரைத்தளத்தில் ஒரு சிறிய அறையில் வந்து முடிந்தது. அந்த அறைக்கு அடுத்த வீடு தனலெட்சுமியுடையது. நடுவில் ஒரு செங்கல் சுவர்தான்.

அந்த இணைப்பைப் போட அப்போது வந்த குத்தகைக்காரர் நல்ல மனிதர், ஆனால் அனுபவம் போதாது. "இந்த ரூம்ல பெரிய ரவுட்டர் ஒன்னு வச்சிட்டா போதும். எல்லா வீட்டிலிருந்தும் வர்றத அதுவே எந்தப் பக்கம் போகணும்னு பார்த்து வெளிய அனுப்பிடும்" என்றார்.

"தலைவர் வீட்டுக்குப் போகாமலேவா?" என்று செயலாளர் கார்த்திகேசு கேட்டார்.

"ஆமா பாஸ், தேவையில்லையே."

நிர்வாகக் குழு ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தது. தலைவர் அண்ணாமலை கண்களை மூடிக்கொண்டார். டத்தோ பட்டம் வரப்போகிறது என்று ஆறு வருடங்களாக நம்பப்படும் மனிதரின் முன்னால் சொல்லக்கூடிய வார்த்தையா அது?

கடைசியில், மேடையில் மாலை போடும் வரிசைப்படி வயர் போடப்பட்டது. ஒவ்வொரு நிர்வாகி வீட்டிலும் ஒரு ரவுட்டர். சாதாரண வீடுகளிலிருந்து கிளம்புவது எல்லாம் முதலில் சி புளோக் நான்காம் மாடிக்கு, மகளிர் பிரிவுத் தலைவி வீட்டுக்கு ஏற வேண்டும். அங்கிருந்து பொருளாளர் வீடு. பிறகு பி புளோக்கில் செயலாளர் வீடு, அடுத்து துணைத் தலைவர் ஜெயராஜ் வீடு. கடைசியில் ஏ புளோக் ஐந்தாம் மாடியில் தலைவர் வீடு. அங்கே சாமி மேடைக்குப் பக்கத்தில் இருக்கும் ரவுட்டரைத் தரிசித்துவிட்டு, குழாய் வழியாகக் கீழே இறங்கி, தனலெட்சுமி வீட்டுச் சுவருக்கு மறுபக்கம் வந்துசேரும். அங்கிருந்துதான் உலகம் ஆரம்பிக்கிறது.

திறப்பு விழாவில் ஒவ்வொரு ரவுட்டருக்கும் பொன்னாடை போர்த்தினார்கள். மெதுவாக இருந்தாலும், போய்க்கொண்டுதான் இருந்தது. ஆண்டு விருந்து வரைக்கும்.

தனலெட்சுமி பி புளோக் மூன்றாம் மாடி ஏறி, செயலாளர் கார்த்திகேசுவின் கதவைத் தட்டினாள். கண்ணாடி அலமாரிக்குள், பூப்பந்துக் கோப்பைகளுக்கு நடுவில், அவருடைய ரவுட்டர் சரிகைப் பொன்னாடைக்குள் வியர்த்துக்கொண்டிருந்தது.

"அண்ணே, லைன் இல்லண்ணே. வேலை போயிடும்."

"உக்காருங்கம்மா. புகார் முறைப்படி வரணும். நீங்க மகளிர் பிரிவுல சொல்லணும். அவங்க பொருளாளர்கிட்ட சொல்வாங்க. அவர் என்கிட்ட சொல்வார்."

"நீங்கதான் என் முன்னால இருக்கீங்களே?"

"இருக்கேன். ஆனா உங்க புகார் இன்னும் என்கிட்ட வரலையேம்மா." கார்த்திகேசு வருத்தத்துடன்தான் சொன்னார். "இருந்தாலும் மனிதாபிமான முறையில ஒன்னு சொல்றேன். என் ரவுட்டர் மேல யாரும் குறை சொல்ல முடியாது. வர்ற எதையும் ஒரு வினாடிகூட அது கையில வச்சிக்கிறது இல்ல. உடனே துணைத் தலைவருக்கு அனுப்பிடும். அதுக்கு மேல அவர்தான்."

துணைத் தலைவர் ஜெயராஜ் எதிர்வீட்டில் இருந்தார். கதவு திறந்ததும் அவர் காட்டியது ஒரு புகைப்படம். ஆண்டு விருந்து. தலைவர் கழுத்தில் ரோஜா மாலை. செயலாளர் கழுத்தில் ரோஜா மாலை. நடுவில் நிற்கும் ஜெயராஜ் கழுத்தில் சாமந்தி.

"மாலைக்கு ஆர்டர் கொடுத்தது யாரு? செயலாளர். இப்ப சொல்லுங்க."

"தப்புதாண்ணே. ஆனா என் லைன்..."

"அதத்தான் சொல்ல வரேன். என் மருமகப்பிள்ளைய விட்டு ரவுட்டர்ல ஒரு சின்ன மாத்தம் செஞ்சிருக்கேன். இந்த வாரம் ஒரு தடவ சோதிச்சுப் பார்த்தேன், இன்னைக்குக் காலையிலருந்து நிரந்தரம். செயலாளர் வீட்டுலருந்து வெளிய போறதுக்காக எது வந்தாலும், நான் தலைவருக்கு அனுப்புறது இல்ல. செயலாளருக்கே திருப்பி அனுப்பிடுவேன். முறையான மாலையோட வரட்டும்."

"அவரு திரும்பவும் உங்களுக்குத்தானே அனுப்புறாரு?"

"நானும் திரும்பவும் அவருக்குத்தான் அனுப்புறேன். சளைக்க மாட்டேன்மா."

"பார்சல் எங்கன்னு கேக்குறவங்களுக்கும் உங்க மாலைக்கும் என்னண்ணே சம்பந்தம்?"

ஜெயராஜ் நெஞ்சில் கை வைத்தார். "எனக்கும்தான் லைன் இல்ல. என் வீட்டுல ஒரு மனுஷன் நிம்மதியா கிரிக்கெட் பார்க்க முடியுதா? கொள்கைன்னு வந்துட்டா தியாகம் பண்ணணும். நீங்களும் பண்றீங்க. சங்கம் உங்கள மறக்காது."

அன்று மாலை குத்தகைக்காரரின் ஆளாக, செந்தூலிலிருந்து ஆனந்த் என்ற தொழில்நுட்பப் பணியாளர் மோட்டார் சைக்கிளில் வந்தான். தனலெட்சுமி வீட்டுத் தரையில் சம்மணமிட்டு, மடிக்கணினியைத் திருப்பிக் காட்டினான். திரையில் இரண்டே பெயர்கள் மாறி மாறி இறங்கிக்கொண்டிருந்தன. செயலாளர், துணைத் தலைவர், செயலாளர், துணைத் தலைவர்.

"நீங்க கூரியர்லதானே அக்கா? அதே கதைதான். நீங்க அனுப்புறத நெட்டு சின்னச் சின்ன பொட்டலமா வெட்டிடும். ஒவ்வொன்னு மேலயும் போய்ச்சேர வேண்டிய முகவரி இருக்கும். ரவுட்டர் முகவரியப் பார்க்கும். தன்கிட்ட உள்ள அட்டவணையப் பார்க்கும். இந்த முகவரிக்கு அடுத்த வாசல் எதுன்னு அதுல இருக்கும், அங்க தள்ளிவிட்டுடும். முகவரி அட்டவணையில இல்லன்னா, தெரியாதது எல்லாம் இந்தப் பக்கம்னு ஒரு வாசல் வச்சிருக்கும், அங்க தள்ளும். அவ்வளவுதான் அதோட வேலை."

"முழு வழியும் அதுக்குத் தெரியாதா தம்பி?"

"தெரியாது அக்கா. அடுத்த வாசல் மட்டும்தான். அடுத்த ஆளு பார்த்துக்குவான்னு நம்பிக்கை."

"அந்த அடுத்த ஆளு திருப்பி அனுப்பிட்டா?" கட்டிலிலிருந்து ராஜன் கேட்டான்.

"இதான். ரெண்டு வீட்டுக்கும் நடுவுல அலையுது. நல்லவேளை, ஒவ்வொரு பொட்டலத்துக்கும் ஒரு ஆயுசு எண் இருக்கு. ஒவ்வொரு ரவுட்டரும் கைமாத்தும்போது அதுல ஒன்னு குறைக்கும். பூஜ்யம் ஆனதும், கையில வச்சிருக்கிற ரவுட்டர் அதத் தூக்கிப் போட்டுடும். இல்லன்னா உலகம் முடியிற வரைக்கும் சுத்திக்கிட்டே இருக்கும்."

"தூக்கிப் போட்டது எனக்குத் தெரியுமா?"

"தெரியும் அக்கா. உன்னோடது இங்க செத்துப்போச்சுன்னு அனுப்பினவங்களுக்கு ஒரு தகவல் வரும்."

"சங்கத்த விட இது பரவால்ல," என்றான் ராஜன்.

ஆனந்த் எழுந்து, சுவரை விரல் முட்டியால் தட்டிப் பார்த்தான். "வெளிய போற வாசல் இதுக்கு அந்தப் பக்கம்தான் இருக்கு அக்கா. ஒரு ஓட்ட, ஒரு முழம் வயர். முடிஞ்சது."

"இப்பவே போடு தம்பி."

"ரூம் சாவி தலைவர்கிட்ட. அனுமதி கூட்டத்துல." அவன் கீழே பார்த்தான். "நானும் அடுத்த வாசல் மட்டும் தெரிஞ்ச ஆளுதான் அக்கா."

வியாழன் மாலை அவசரக் கூட்டம். அவசரம் என்பதால் வரவேற்புரை ஒன்றுடன் நிறுத்திக்கொண்டார்கள். மேடையில் இருந்தவர்களின் பெயரைப் பட்டங்களோடு சொல்லி முடிக்கவே, தனலெட்சுமி ராஜனைப் புரட்டிப் படுக்க வைக்க வேண்டிய நேரம் தாண்டிவிட்டது. பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் சொல்லிவிட்டுத்தான் வந்திருந்தாள். இருந்தாலும் காது வீட்டுப் பக்கமே இருந்தது.

தலைவர் அண்ணாமலை ஒலிவாங்கியைப் பிடித்தார். கூட்டத்தில் அவர் பேசும் தமிழே வேறு.

"என் அன்பிற்கினிய செம்பாக்கா சொந்தங்களே. நம் இரு கண்களாகிய துணைத் தலைவருக்கும் செயலாளருக்கும் இடையே ஒரு சிறு மனத்தாங்கல். இதனால் மூன்று புளோக்குகளுக்கும் இணையம் இல்லை. வேதனைதான். ஆனால் சிந்தித்துப் பாருங்கள். இணையம் இல்லாத இந்த நாள்களில் நீங்கள் யாரைப் பற்றிப் பேசினீர்கள்? எங்களைப் பற்றி. சங்கத்தின் முக்கியத்துவத்தை மக்கள் இந்த அளவுக்கு உணர்ந்தது வரலாற்றிலேயே இதுதான் முதல் முறை."

முன்வரிசை கைதட்டியது. தனலெட்சுமி எழுந்து நின்றாள்.

"தலைவரே, நாளைக்குப் பத்து மணிக்கு லைன் இல்லன்னா என் வேலை போயிடும். வேலை போனா அவர யார் பார்க்கிறது? சுவத்துல ஒரு ஓட்ட போட்டு ஒரே ஒரு வயர் விடுங்க. நான் யாருக்கும் தொந்தரவு கொடுக்க மாட்டேன். எனக்கு மாலை எல்லாம் வேணாம்."

தலைவரின் கண்கள் ஈரமாயின. அவர் கண்கள் சுலபமாக ஈரமாகும்.

"அம்மா, உங்கள் கண்ணீரைச் சங்கம் பதிவு செய்கிறது. ஆனால் ஒருவருக்கு நேராக வெளியே போக வழி கொடுத்தால் என்ன ஆகும்? நாளை எல்லாருமே நேராகப் போய்விடுவார்கள். எல்லாம் ஒழுங்காக நடந்துவிடும். பிறகு நிர்வாகம் என்று ஒன்று எதற்கு?"

இந்தக் கேள்விக்குப் பதில் தெரியாததால் எல்லாரும் கைதட்டினார்கள்.

பிறகு அவர் தீர்வைச் சொன்னார். இரவெல்லாம் யோசித்ததாம். யார் முதல், யார் கடைசி என்பதுதானே சண்டை? எனவே வரிசையே வேண்டாம். ஒற்றுமை வட்டம். மகளிர் பிரிவு பொருளாளருக்கு அனுப்பும். பொருளாளர் செயலாளருக்கு, செயலாளர் துணைத் தலைவருக்கு, துணைத் தலைவர் தலைவருக்கு. தலைவரோ, அகந்தையை விட்டு, மறுபடியும் மகளிர் பிரிவுக்கே அனுப்பி வைப்பார்.

"வட்டத்தில் முதல்வனும் இல்லை, கடைசியானவனும் இல்லை. இதைவிடச் சமத்துவம் உண்டா?"

ஜெயராஜும் கார்த்திகேசுவும் மேடையில் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். இந்த முறை இருவருக்கும் ரோஜா. பின்வரிசையில் ஆனந்த் கை தூக்கினான்.

"தலைவரே, வட்டம் சரி. அதுலருந்து வெளிய போற வாசல் எந்தப் பக்கம்?"

தலைவர் புன்னகைத்தார். "தம்பி, எல்லாரும் உள்ளே ஒற்றுமையாக இருக்கும்போது, எதற்காக வெளியே போக வேண்டும்?"

ஒற்றுமை வட்டத் தொடக்க விழா மறுநாள் காலை ஒன்பது மணிக்கு. கிள்ளானிலிருந்து ஒரு தொழிலதிபர் பொத்தானை அமுக்க வருகிறார். அது முடியும்வரை எந்த ரவுட்டரிலும் யாரும் கை வைக்கக் கூடாது.

வெள்ளிக்கிழமை ஒன்பதுக்குத் தொழிலதிபர் வரவில்லை. உறுமி மேளம் வந்திருந்தது. மேசைமேல் சிவப்புத் துணி விரித்து, அதன்மேல் பொத்தானை வைத்திருந்தார்கள். தனலெட்சுமி வாசலில் மாலைகளைக் காவல் காத்த கார்த்திகேசுவிடம் போனாள்.

"அண்ணே, வட்டமோ கிட்டமோ, பழையபடி ஓட விடுங்கண்ணே. உங்க ரெண்டு பேருக்கும்தான் ராசியாயிடுச்சே. ஒரு மணி நேரத்துக்கு மட்டும்."

"விருந்தினர் கை படாம எப்படிம்மா? கிளம்பிட்டாராம். காப்பார்ல ஏதோ ஒரு கடையில நாசி லெமாக் சாப்பிட்டுட்டு இருக்காராம்."

வீட்டுக்குத் திரும்பி, ஹெட்செட்டை எடுத்துத் தலையில் மாட்டிக்கொண்டு, இருண்ட திரையின் முன்னால் உட்கார்ந்தாள். அழுகை வரவில்லை. அதற்கும் ஏதோ ஒரு வீட்டில் வழி அடைத்துவிட்டார்கள் போலிருந்தது.

டம்ளர் தட்டும் சத்தம் கேட்டது. ராஜன் அவளைப் பார்க்கவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"என் டூல் பாக்ஸ் கட்டிலுக்குக் கீழதானே இருக்கு?"

அவன் எதைச் சொல்கிறான் என்று அவளுக்குப் புரிந்தது.

"பொதுச் சுவருங்க. தெரிஞ்சா வீட்டையே காலி பண்ணச் சொல்வாங்க."

"வேலை போனா நாமளே காலி பண்ணிடுவோம். பெரிய ஸ்க்ரூடிரைவரும் சுத்தியலும் எடு. மேளம் அடிக்கும்போது அடி. மேளம் நின்னா நிறுத்து. நான் சொல்றேன்."

தாம்பாளத்தைச் சுவரோரம் வைத்து, முந்தானையை இறுக்கிச் செருகிக்கொண்டாள். வெளியே உறுமி உறுமியது. ராஜன் கரண்டியை ஓங்கினான். அவள் அடித்தாள். உறுமி நின்றது. ராஜன் கரண்டியை இறக்கினான். அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மண்டபத்தில் யாரோ ஒலிவாங்கியில் ஒன்று, இரண்டு என்று சோதித்தார்கள். மறுபடி உறுமி. கண்ணில் சுண்ணாம்பு விழுந்தது. கையில் கொப்புளம் உடைந்தது. பாதிச் சுவரில் மேளக்காரர்கள் தேநீர் குடிக்கப் போய்விட்டார்கள். அந்த இடைவெளியில் கடிகாரம் மட்டும் நிற்காமல் அடித்தது.

மேளம் திரும்பி வந்தது. நாலு அடி. ஸ்க்ரூடிரைவர் சட்டென்று காற்றுக்குள் போனது.

"அக்கா, கொஞ்சம் இடது பக்கம்," என்றது சுவர்.

தனலெட்சுமி சுத்தியலைக் கீழே போட்டாள். "ஆனந்தா? நீ உள்ள என்னப்பா பண்ற?"

"பொத்தான அமுக்கும்போது இங்க ஒரு கலர் லைட்ட போடணுமாம் அக்கா. விருந்தினர் வர்றதுக்குள்ள நான் எங்கயாச்சும் போயிடுவேன்னு வெளிய பூட்டிட்டாங்க. வயர உள்ள தள்ளுங்க."

கணினியில் செருகியிருந்த வயரின் மறுநுனியைத் தள்ளினாள். மறுபக்கம் 'க்ளிக்' என்றது. கணினித் திரை வெளுத்தது. கம்பெனியின் சின்னம் வந்தது, அவள் பெயர் வந்தது. அலறல் வரவில்லை. பத்து மணி ஆக இன்னும் சில நிமிடங்கள் இருந்தன. மதுமிதாவிடமிருந்து திரையில் ஒரு வரி: 'வெல்கம் பேக் அக்கா. இனிமே விழுந்தா என்னால காப்பாத்த முடியாது.'

முதல் அழைப்பு காஜாங்கிலிருந்து வந்தது.

தொழிலதிபர் பதினோரு மணிக்கு மேல் வந்து பொத்தானை அமுக்கினார். ஆனந்த் உள்ளே கலர் லைட்டைப் போட்டான். நிர்வாகிகள் வீட்டு ரவுட்டர்கள் எல்லாம் பொன்னாடைக்குள் பச்சைப் பச்சையாக மின்னுவதை மண்டபத்தில் பெரிய திரையில் காட்டினார்கள். இவ்வளவு வேகமாக அவை மின்னியதே இல்லை. மக்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள்.

"என்னப்பா ஆச்சு?" என்று தனலெட்சுமி ஓட்டை வழியாகக் கேட்டாள்.

"எல்லாம் சுத்துது அக்கா. ரொம்ப வேகமா சுத்துது. ஒன்னுகூட வெளிய வரல."

இனி யாரும் வட்டத்தைக் கலைக்கக் கூடாது என்பதற்காக, தொழிலதிபர் கையாலேயே அறைக் கதவுக்கு அரக்கு முத்திரை வைத்தார்கள். பொதுக்குழு கூடினால்தான் உடைக்கலாம். உள்ளே ஆள் இருப்பதாக ஆனந்த் கதவைத் தட்டினான். நாதஸ்வரம் ஆரம்பித்துவிட்டது. போனில் கூப்பிடலாம் என்றால் தரைத்தளத்தில் சிக்னல் இல்லை. தனலெட்சுமி இடைவேளையில் மண்டபத்துக்கு ஓடிப்போய் கார்த்திகேசுவிடம் சொன்னாள். அடுத்த பொதுக்குழுவில் வைக்கிறேன் என்று அவர் உறுதி சொன்னார்.

அவள் திரும்பி வந்து, ராஜன் தண்ணீர் குடிக்கும் வளைகிற உறிஞ்சுகுழாய்களில் இரண்டை இணைத்து ஓட்டைக்குள் விட்டு, மறுபக்கத்துக்குப் பாலில்லாத தே-ஓ கொடுத்தாள். ஓட்டை அகலம் அவ்வளவுதான். வயருக்குப் பக்கத்தில் குழாய் சரியாக நுழைந்தது.

மதியம் இரண்டு மணிக்குக் கதவு தட்டப்பட்டது. கார்த்திகேசு நின்றுகொண்டிருந்தார். கையில் ஒரு பொன்னாடை. யாருக்கோ போர்த்தப் போகிறவர்போல் உள்ளே வந்து, கதவைச் சாத்தி, பொன்னாடையைப் பிரித்தார். உள்ளே சுருட்டிய வயர். அதன் மறுநுனி படிக்கட்டோரமாக அவர் வீடு வரை போயிருந்தது.

"சுவருக்குப் பின்னால ஏதோ சத்தம் கேட்டுச்சுன்னு சொன்னாங்க. நான் யாருகிட்டயும் சொல்லல." அவர் குரல் தாழ்ந்தது. "சங்கத்து மின்னஞ்சல் நெறைய வந்து கெடக்குதும்மா. இத உள்ள விடுங்க. துணைத் தலைவருக்குத் தெரிய வேணாம்."

அவளுக்கு மறுக்கத் தைரியம் இல்லை. வயர் போனது. மறுபக்கம் ஆனந்தின் பெருமூச்சு கேட்டது, அப்புறம் 'க்ளிக்'.

கொஞ்ச நேரத்தில் ஜெயராஜ் வந்தார். அவர் வயரை மாலைக் கூடையில், பூவுக்கு அடியில் வைத்துக் கொண்டுவந்திருந்தார்.

"கொள்கை கொள்கைதாம்மா. ஆனா இன்னைக்கு மேட்ச் இருக்கு. செயலாளருக்குத் தெரிய வேணாம்."

ஓட்டையில் இடமில்லை. ஜெயராஜ் குனிந்து பார்த்து, உறிஞ்சுகுழாயை மெதுவாக உருவி, தனலெட்சுமியிடம் மரியாதையாகக் கொடுத்தார். "தம்பி சின்ன வயசு. தாங்கிக்குவான்."

கிரிக்கெட் தொடங்கியதும் தனலெட்சுமியின் திரை தடுமாற ஆரம்பித்தது. வாடிக்கையாளர்களின் குரல் துண்டு துண்டாக வந்தது. ஒவ்வொரு தடுமாற்றத்துக்கும் அவள் நாற்காலியின் கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டாள். ராஜன் டம்ளரைத் தட்டாமல், கரண்டியைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தான்.

மாலை நான்கு மணி. காஜாங் மாது மறுபடியும் இணைப்பில் இருந்தாள். மூன்றாவது நாளாக அதே பார்சல். "மேடம், லைன்ல இருங்க, நான் இப்பவே பார்த்துச் சொல்றேன்" என்று தனலெட்சுமி சொன்னபோது கதவு தட்டப்படவில்லை, திறந்தது.

தலைவர் அண்ணாமலை. பின்னால் யாரும் இல்லை. அதுவே பயமாக இருந்தது. அவர் எங்கும் தனியாகப் போவதில்லை.

அவர் நேராகச் சுவரிடம் போனார். தாம்பாளத்தில் கிடந்த செங்கல் தூளைப் பார்த்தார். ஓட்டையைப் பார்த்தார். மூன்று வயர்களையும் விரலால் தொட்டு எண்ணினார்.

தனலெட்சுமி ஹெட்செட்டை ஒரு காதிலிருந்து விலக்கினாள். கை தானாகக் கூப்பிக்கொண்டது. "தலைவரே, வேற வழி தெரியல. என்ன வேணும்னாலும் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரேன். இன்னைக்கு ஒரு நாள் மட்டும் இத விட்டுடுங்க. இது அறுந்தா அவ்வளவுதான். அவர விட்டுட்டு என்னால எங்கயும் போக முடியாது."

"ஐயோ, எழுந்திரிக்காதீங்கம்மா. வேலைய பாருங்க." தலைவர் இப்போது பேசிய தமிழ் மேடைத் தமிழ் இல்லை. அவர் கதவு பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தார். "இது செயலாளரோடதுதானே? இது ஜெயராஜோடது. அவர் டேப் ஒட்டியிருக்காரு, எனக்குத் தெரியும். காலையிலருந்து என் வீட்டுலயும் ஒன்னும் வரலம்மா. டத்தோ பட்டம் விஷயமா ஒரு முக்கியமான மெயில் வரணும், அதான்."

அவர் சட்டைக்குள் கைவிட்டு ஒரு வயரை வெளியே எடுத்தார். நுனியில் குங்குமம் வைத்திருந்தது.

தனலெட்சுமியின் காதில் காஜாங் மாது, "ஹலோ? என் பார்சல் எங்க? ஹலோ?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். ராஜன் டம்ளரைத் தட்டினான். ஒருமுறை, இருமுறை. பிறகு நிறுத்தாமல் தட்டினான்.

தலைவர் ஓட்டையின் முன்னால் குனிந்து, வயரை மேலும் கீழும் வைத்துப் பார்த்துவிட்டு, மிகுந்த வருத்தத்தோடு நிமிர்ந்தார்.

"அவங்க ரெண்டு பேரோடதையும் எடுக்கச் சொன்னா மனசு சங்கடப்படுவாங்கம்மா, உங்க வயர எடுத்துட்டீங்கன்னா இடம் சரியா இருக்கும்லா."